காணிக்காரியின் வீட்டில் புகை

என் கணவர் வீட்டாரின் குலப்பெருமை வரட்டியில் தொடங்குகிறது.

கல்யாணமான முதல் ஆண்டு, தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மொன்ரியலின் புறநகரான புவாண்ட்-கிளேரில், கணவரின் தாயான மாமி வீட்டுக்குப் போயிருந்தோம். வான்கோழியை வெட்டுவதற்கு முன் மாமி கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினார். எல்லோரும் அமைதியானார்கள். பிறகு மாமி, தன் தகப்பனைப் பெற்றவளின் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் மேற்கே, மொன்டானாவில், மரமே இல்லாத புல்வெளியை அரசாங்கம் பிரித்துக் காணி கொடுத்த காலம். கல்யாணமாகாத இளம்பெண் ஒருத்தி தனியாக ரயிலில் போய் இறங்குகிறாள். ஒரு பெட்டி, ஓர் இரும்படுப்பு, அவ்வளவுதான் சொத்து. பலகையடித்துத் தார்க்கடதாசி ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். எரிக்க விறகு கிடையாது. இந்த இடத்தில் மாமி குரலைத் தாழ்த்தினார். மாட்டுச் சாணத்தை எரித்துத்தான் அவள் சமைத்தாள், குளிர் காய்ந்தாள்.

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரட்டி எரித்தவர்களுக்கெல்லாம் மாலை போடுவதென்றால் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பூவுக்குப் பஞ்சம் வந்துவிடும் என்று கணவரின் காதில் சொன்னேன். எனக்கு எந்த மொழியிலும் மெதுவாகப் பேச வராது. மாமிக்கும் கேட்டுவிட்டது. உனக்குச் சாணத்தில் எரிபொருள் செய்யத் தெரியுமா என்று கேட்டார். உமி கலந்து பிசைவது, சுவரில் அறைவது, காய்ந்ததும் உரித்தெடுப்பது என்று வான்கோழி ஆறிப்போகும் வரை விளக்கினேன். கணவரின் அண்ணன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாமி மட்டும் கடைசிவரை கவனமாகக் கேட்டார். அவ வரட்டி தட்டவில்லை, புல்வெளியில் காய்ந்து கிடந்ததைப் பொறுக்கினவ, நீங்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர் என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போனது. அவரை நான் 'மாமி' என்றே கூப்பிடுவேன். அவரும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். அவர் பேசுவது ஆங்கிலம். ஆனால் எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து விழும், ஆகையால் அப்படியே எழுதுகிறேன். மொன்டானாப் பெண்ணுக்கு நான் 'காணிக்காரி' என்று பெயர் வைத்தேன். நாளடைவில் மாமியும் அந்தப் பெயரைத்தான் சொல்வார். உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் பல்லில் மாட்டும்.

சில வருடங்களுக்கு முன், பனி தொடங்கிய மாதத்தில், மாமி வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகு நடை பழக்கும் நிலையம் ஒன்றில் சேர்த்தார்கள். கல்கரியில் இருக்கும் என் கணவரின் அண்ணன் தொலைபேசியில் குடும்பக் கூட்டம் கூட்டினார். அவர் கெட்டவர் இல்லை. எதையும் ஒழுங்குபடுத்தாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். வீடு வெறுமையாகக் கிடக்கிறது, குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும், ஆளில்லாத வீட்டுக்குக் காப்புறுதிக்காரர்கள் பொறுப்பெடுக்க மாட்டார்கள், அம்மா இனிப் படியேறப்போவதும் இல்லை என்று அடுக்கினார். வீட்டை விற்றுவிட்டு அம்மாவை நல்லதொரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதுதான் புத்தி என்றார். என் கணவர் "பார்ப்போம்" என்றார். அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய சண்டை அதுதான்.

மாமி ஒரு நிபந்தனை போட்டார். மே மாதம் வரும்போது, யாரும் பிடிக்காமல், கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு தன் வீட்டு முன்படிகளில் ஏறிக்காட்டுவார். ஏறினால் வீட்டில் இருப்பார். ஏற முடியாவிட்டால் விற்பதற்குச் சம்மதிப்பார். கல்கரிக்காரர் ஒப்புக்கொண்டார். அம்மா ஏறமாட்டார் என்று அவர் நினைத்தது தொலைபேசியிலேயே தெரிந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்து நான் நிலையத்துக்குப் போனேன். மாமி என்னைக் கட்டிலில் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"வீடு சும்மா கிடக்கக்கூடாது பிள்ளை. புகை தெரியவேணும்."

எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் விருந்து மேசையில் சொல்லாத பகுதியைச் சொன்னார். காணி கொடுத்த சட்டத்தில் ஒரு கட்டு இருந்ததாம். காணியை எடுத்தவர் அதிலேயே குடியிருந்து உழவேண்டும். அதிக நாள் விட்டுப்போனால், வழியால் போகிற எவனும் வந்து, இது கைவிட்ட காணி என்று வழக்குப் போட்டுத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கென்றே குதிரையில் திரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்ப்பது புகைபோக்கியைத்தான். காணிக்காரிக்கோ பனிக்காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லை. பட்டணத்து ஹோட்டல் ஒன்றில் துணி துவைக்கப் போயாகவேண்டும். அடுத்த காணியில் இருந்த பெண் ஒருத்தி, காற்றோ பனியோ, நடந்து வந்து இவளுடைய அடுப்பை மூட்டிவிட்டுப் போவாளாம். தூரத்திலிருந்து பார்த்தவனுக்கு அது ஆள் இருக்கும் வீடு.

"அவள் மூட்டின நெருப்பாலதான் காணி நிண்டது. அவளின்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் மாமி.

நான் யோசிக்கவே இல்லை, ஓம் என்றேன். எனக்கு அந்தச் சட்டம் புதிதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, சண்டை நெருங்குகிறதென்று, என் பெற்றோர் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள். நிலைமை சீரானதும் திரும்புவோம் என்ற நினைப்பில், உலையில் இருந்த சோற்றைக்கூட இறக்கிவைத்துவிட்டுத்தான் ஓடினோம். பிறகு அந்தப் பகுதி முழுவதும் இராணுவத்தின் கையில் இருந்தது. அவர்கள் விட்டுப்போனபோது அங்கே கிணறு மட்டும் இருந்தது. ஆளில்லாத வீடு யாருடைய வீடு என்று எனக்கு யாரும் சட்டம் படிப்பிக்கத் தேவையில்லை. மாமியின் வீட்டை அப்படி விடமாட்டேன் என்று அந்தக் கட்டிலில் இருந்தபடியே முடிவெடுத்தேன்.

எங்கள் வீடு நகரத்துக்குள், வில்லரேயில். கணவருக்கு அங்கேதான் பள்ளிக்கூட வேலை. எனக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில். புவாண்ட்-கிளேரிலிருந்து போவது கிட்ட. பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாக மாமி வீட்டுக்குக் குடிபோனேன். கணவர் சனிக்கிழமைகளில் வருவார், விருந்தாளியைப் போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தயங்கி நிற்பார். அது அவர் பிறந்து வளர்ந்த வீடு.

முதல் நாள் குசினிக்குள் நின்றபோது எனக்கு ஒன்று உறுத்தியது. குடிபோகிற வீட்டில் பால் காய்ச்சாமல் எப்படிப் படுப்பது? பொங்கி வழிந்தால்தானே வீடு வீடாகும். தெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடைக்குப் போய்ப் பால் வாங்கிவந்தேன். மாமியின் பழைய மின்னடுப்பில் பெரிய சட்டியை வைத்து, நிறைய விட்டு, பொங்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பொங்கியது. தாராளமாகப் பொங்கியது. எங்கள் ஊர் அடுப்பென்றால் வழிந்த பாலைச் சாம்பல் குடித்துவிடும். இது சிவக்கச் சிவக்கக் காய்ந்த இரும்புச் சுருள். வழிந்த பாலெல்லாம் அதில் கருகி, வெள்ளைப் புகை குசினியை நிறைத்தது. கூரையில் இருந்த புகையறியும் கருவி கத்தத் தொடங்கியது. நான் யன்னலைத் திறந்தேன். புகை அழகாக வெளியே போனது.

எதிர்வீட்டுக் கிழவர், ஆளில்லை என்று நினைத்திருந்த வீட்டிலிருந்து புகை வருவதைக் கண்டு தீயணைப்புக்குத் தொலைபேசி அடித்துவிட்டார். அவர்கள் வந்து இறங்கியபோது நான் விளக்குமாற்றுத் தடியால் கருவியைக் குத்திக்கொண்டிருந்தேன். பால் காய்ச்சினேன் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். எதற்கு இவ்வளவு பால் என்று கேட்டார்கள். வீட்டுக்கு என்றேன். அவர்களின் தலைவர் சட்டியை எட்டிப்பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் "பொன்சூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமியிடம் இதைச் சொன்னபோது, சிரித்துச் சிரித்து, இடுப்பு நோகிறதென்று நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். "புகை தெரிஞ்சதெல்லே" என்றார்.

கிழவர் கல்கரிக்கும் அடித்திருந்தார். அதுதான் வினை. கணவரின் அண்ணனான மூத்தவர் எங்களிடம் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். மிகவும் அமைதியாக, வீடு எரிந்துபோகும் வரை காத்திருக்க முடியாது என்றார். மே வரை தவணை இல்லை, மார்ச் தொடக்கத்தில் தானே வருகிறேன், அன்றைக்கு அம்மா படியேறிக் காட்டட்டும் என்றார். என் கணவர் அன்று "பார்ப்போம்" என்றுகூடச் சொல்லவில்லை. மொன்ரியலில் மார்ச் தொடக்கம் என்பது பனிக்காலத்தின் நடுவயிறு. என்னுடைய பாலால் மாமியின் தவணை பாதியாகிவிட்டது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்படியென்றால் இன்றைக்கே தொடங்குவோம் என்று பிசியோதெரபிப் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க மாமி எறும்பாக ஊர்ந்தார். நிலையத்தில் மரத்தால் செய்த பயிற்சிப் படி ஒன்று இருந்தது. வேலை முடிந்து நான் போகும் நேரங்களில் அதில் ஏறுவார், இறங்குவார், திட்டுவார், மறுபடி ஏறுவார். களைத்து இருக்கும் போதெல்லாம் காணிக்காரியைப் பற்றிக் கேட்பேன். கதை சொன்னால் நோவு மறக்கும் என்று நினைத்தேன். ஒருநாள், அவள் போவதற்கு முன் அந்தக் காணியில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

மாமி பயிற்சிப் படியைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். முதன்முதலாக உழுதபோது கலப்பை கல்லில் மாட்டியதாம். தோண்டினால், வட்டமாகப் பதித்த கற்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம். அந்தப் புல்வெளியின் பூர்வகுடிகள் தோல் கூடாரம் அடித்து, காற்று தூக்காமல் இருக்க ஓரத்தில் வைத்த கற்கள். ஆட்களை அதற்கு முன்பே துரத்தியாகிவிட்டது. கல் மட்டும் மிச்சம்.

"அவவுக்குத் தெரியும் பிள்ளை. தெரிஞ்சுதான் அந்தக் கல்லை எடுத்து அத்திவாரம் போட்டவ. நான் அதை மேசையில சொல்லுறேல்ல."

நான் எழும்பி வந்துவிட்டேன். சில நாட்கள் நிலையத்துக்குப் போகவில்லை. காணிக்காரியை எனக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நான், இப்போது கற்களுக்குச் சொந்தக்காரர்களின் பக்கம் நின்றேன். எங்கள் வீட்டுக் கற்களும் எவருடைய அத்திவாரத்திலோ இருக்கும். ஆனால் அந்த நாட்களிலும் நான் புவாண்ட்-கிளேர் வீட்டை விடவில்லை. வேலையால் வந்து யன்னல் சீலையை விலக்கி, விளக்கைப் போட்டு, குசினியில் சமைத்தேன். கோபம் வேறு, ஒப்புக்கொண்ட வேலை வேறு. திரும்பிப் போனபோது, அடுத்த விருந்தில் கற்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று மாமியிடம் கேட்டேன். முதலில் வீட்டுக்குப் போகிறேன், பேந்து சொல்கிறேன் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனுஷி, இதற்கு எதிர்ப்பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது எனக்குப் போதுமாக இருந்தது.

பெப்ரவரி கடைசியில் மழை பெய்து, அதன்மேல் உறைந்தது. முன்படிகள் கண்ணாடியாகிவிட்டன. உப்புப் போட்டேன், அசையவில்லை. மாமியின் நிலவறையில் ஓர் அலவாங்கு, நுனி கூரான கடப்பாரை, கிடந்தது. தினமும் வேலையால் வந்ததும் சமையற்கூடத்து உடுப்பின்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு பனிக்கட்டியைக் கொத்தினேன். கொத்திய இடத்தில் மறுநாள் புதிதாக உறைந்திருக்கும். மறுபடி கொத்துவேன். எதிர்வீட்டுக் கிழவர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். தீயணைப்பைக் கூப்பிட்ட குற்ற உணர்வோ என்னவோ, ஒருநாள் பனி அள்ளும் தன் சவளோடு வந்து மறுபக்கத்தில் தொடங்கினார். கம்பியில் ஒட்டியிருந்த பனியை அவர் தன் கையுறையாலேயே தேய்த்து எடுத்தார்.

மூத்தவர் சொன்ன நாளில் வந்தார். நிலையத்திலிருந்து மாமியைக் காரில் கூட்டிவந்தோம். மாமி இறங்கி, படிகளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். அவை வெறும் மரமாக, காய்ந்து இருந்தன. மூத்தவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார்.

"கையை எடு" என்றார் மாமி.

அவர் எடுத்துக்கொண்டார். மாமி கம்பியைப் பிடித்தார். நல்ல காலை மேலே வைத்து, மற்றக் காலை இழுத்தார். ஒரு படி. நின்று மூச்சு வாங்கினார். அடுத்தது. நடுவில் கால் நடுங்கியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை, விழுந்தால் கீழே பிடிக்க வேண்டியவள் நான்தான் என்று காலை அகட்டி ஊன்றி நின்றேன். விழவில்லை. கதவடியில் நின்று, சட்டைப்பையிலிருந்து தன் திறப்பை எடுத்துத் தானே திறந்து உள்ளே போனார். நான் அழுதேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. மூத்தவரும் மூக்கை உறிஞ்சினார், குளிர் என்றார்.

நான் வில்லரேக்குத் திரும்பினேன். மாமி வசந்தமும் கோடையும் தன் வீட்டில் இருந்தார். யன்னலோரம் பேப்பர் படித்தார். எதிர்வீட்டுக் கிழவரோடு வேலியடியில் நின்று அரசியல் கதைத்தார். குசினியில் கருகிய சுருளை மாற்ற விடவில்லை.

அக்டோபரில் தாங்க்ஸ்கிவிங். கல்கரியிலிருந்தும் வந்திருந்தார்கள். மாமி குவளையைத் தட்டினார். ரயில், பெட்டி, அடுப்பு, சாணம். பிறகு, சொன்னபடியே, கற்களைச் சொன்னார். யாரும் பெருமூச்சு விடவில்லை. மூத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு முடியும் என்று நினைத்தேன், மாமி முடிக்கவில்லை.

"காணி உறுதிப் பத்திரம் கையில கிடைச்ச உடன, அவ அதை வித்துப்போட்டு ரயில் ஏறினவ. அந்தக் காத்தும் வெறும் நிலமும் அவவுக்கு எப்பவும் பிடிக்கேல்ல. மொன்ரியலுக்கு வந்து கல்யாணம் கட்டினவ. நானும் வீட்டை விக்கப்போறன். முதியோர் இல்லத்தில இடம் பாத்திட்டன்."

மூத்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அப்படியென்றால் அந்தக் குளிரில் ஏன் அவ்வளவு பாடு, மார்ச்சிலேயே விற்றிருக்கலாமே என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே கேள்விதான். அலவாங்கு பிடித்த என் தோள் இன்னும் நொந்துகொண்டிருந்தது. மாமி மகனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"நீங்கள் என்னை எழுப்பிக்கொண்டு போறது வேற. நானா எழும்பிப் போறது வேற."

என் கோபம் அந்த இடத்திலேயே செத்துப்போனது.

மாமி வெளிக்கிட்ட நாள் நல்ல வெயில். சாமான்கள் முன்பே போய்விட்டன. மூத்தவர் காரை ஓடவிட்டபடி தெருவில் காத்திருந்தார். என் கணவர் தாயின் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மாமி கதவைப் பூட்டினார், கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். பாதியில் நின்று, மெதுவாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பதறி ஓடினேன். நோகிறதா என்று கேட்டேன்.

"இல்லை. இரு பிள்ளை. என்ன அவசரம்."

நானும் பக்கத்தில் இருந்தேன். மாமி தெருவைப் பார்த்தார், எதிர்வீட்டுக் கிழவருக்குக் கையை உயர்த்தினார், கால்களை நீட்டி வெயிலில் வைத்தார். மூத்தவர் ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு எஞ்சினை நிறுத்தினார். யாரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு வீட்டைவிட்டு இப்படி ஆற அமர, ஆறுதலாகவும் வெளிக்கிடலாம் என்பதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.